ராஜேஷ், முதலில் ஸ்கேனரை வாங்கு

ராஜேஷ்,

திருப்பூரிலிருந்து நீ மூன்று தடவை போன் செய்துவிட்டாய். "மெஷின் லிஸ்ட் எழுதி அனுப்புறேன்னு சொன்னியேம்மா, எங்கே?" என்று கேட்டாய். மூன்று தடவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஒரு தாளில் 'ஹீட் பிரஸ்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டு, அதற்குமேல் பேனா நகராமல் உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கப்பிலும் சட்டையிலும் தட்டிலும் படம் அடிக்கிற இந்தத் தொழிலையே நீயும் தொடங்கப் போகிறாய் என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பத்து நாளில் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. சோற்றில் கை வைத்தால் வைத்தபடியே இருக்கிறேன். கடையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கிப்போடுகிறது. அதைச் சொல்லாமல் உனக்கு ஒரு மெஷினைக்கூட என்னால் சிபாரிசு செய்ய முடியாது. அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உன்னிடம் கேட்காமல் நான் உண்டாக்கிய பங்கு.

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீட் பிரஸ் வாங்கும்போது, மேல் தட்டைப் பக்கவாட்டில் திருப்பித் தள்ளுகிற மாதிரியை வாங்கு. வாய் பிளப்பதுபோல் திறக்கிறது விலை குறைவு, இடமும் குறைவு. ஆனால் அவசரத்தில் புறங்கை மேல் தட்டில் படும். என் வலது கையில் அந்தத் தழும்பை நீ பார்த்திருக்கிறாய். வாங்குவதற்கு முன் ஒரு முழுத் தாளில் நீலம் மட்டும் அடித்து, துணிமேல் வைத்து அழுத்திப் பார். நடுவில் கடும் நீலமாகவும் மூலையில் வெளுத்தும் வந்தால் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். விலையை எவ்வளவு தள்ளித் தந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடு. பிரிண்டரில், மையைச் சூடாக்கித் தெறிக்க விடுகிற வகை நம் மைக்கு ஆகாது. அழுத்தித் தெறிக்க விடுகிற வகையாகக் கேட்டு வாங்கு. வேலை இல்லாத நாளிலும் ஒரு தாள் அடித்துவிடு, இல்லாவிட்டால் மை வருகிற மூக்கு அடைத்துக்கொள்ளும். துணியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்தியில் இந்த மை ஒட்டாது என்று எனக்குச் சொன்னதே நீதான். இதெல்லாம் விற்கிறவனே சொல்லிவிடுவான். ஸ்கேனரைப் பற்றி மட்டும் எவனும் சொல்லமாட்டான். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ, மிச்சம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பான். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

நீ பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். சாலைக் கடைத்தெருவில் நம் ஒற்றை அறைக் கடையில் அப்போது எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் லாமினேஷனும்தான். எல்லோர் கையிலும் செல்போன் வரத் தொடங்கி, பூத்தில் ஆள் குறைந்தது. நான் டி.டி.பி. படித்தவள், கம்ப்யூட்டரில் கை ஓடும். எறணாகுளத்திலிருந்து ஒருவர் வந்து கப்பில் போட்டோ அடித்துக் காட்டினார். காகிதத்தில் செத்துக் கிடந்த நிறம், மூன்று நிமிஷச் சூட்டில் கப்பின்மேல் உயிரோடு எழுந்து வந்ததைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். பிரஸ் வாங்கினேன், பிரிண்டர் வாங்கினேன். மேஜையில் அதற்குமேல் இடமில்லை. ஸ்கேனருக்கு, பழையதாக வந்த ஒரு சின்ன மெஷினை எடுத்துக்கொண்டேன். கண்ணாடிமேல் வைத்து மூடுகிற வகை அல்ல. தாளை ஒரு பக்கம் கொடுத்தால் உருளை உள்ளே இழுத்து மறுபக்கம் தள்ளும். விற்றவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "பழைய போட்டோ வந்தால் இந்த பிளாஸ்டிக் உறைக்குள்ள வெச்சுத்தான் விடணும் கேட்டோ." உறையும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அந்த உறையில் கீறல் விழுந்து, படத்தில் கோடு கோடாக வந்தது. வேறு வாங்கலாம், வாங்கலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்குப் புருஷனோடு இந்த மலையாள ஊருக்கு வந்தவள். சாரம் சரிந்து அவன் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு மூன்று வயதாம். என்னிடம் வரும்போது அந்தப் பெண் செல்விக்குப் பதினொன்று. இரண்டு பேரும் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள் இன்னொரு காகிதம். அதற்குள் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ, போஸ்ட் கார்டில் பாதி அளவு. ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் உதிர்கிற பதம்.

"யக்கா, இதுதான் எங்க வீட்டுக்காரரு. இது ஒண்ணுதான் இருக்கு. வருசா வருசம் வெளுத்துக்கிட்டே போகுது. கப்புல அடிச்சா அழியாதுன்னு சொல்லுதாவளே, நெசந்தானா?"

"கழுவினாலும் போகாது. நாளைக்கு வா" என்றேன்.

"பத்திரம்க்கா" என்றாள். போகும்போது அந்தச் சின்னப் பெண் திரும்பிப் போட்டோவைப் பார்த்து, "டாட்டா" என்று கை காட்டிவிட்டுப் போனாள். அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார்கள். உறை கையெட்டும் தூரத்தில் கிடந்தது. கோடு விழுமே என்று நினைத்தேன். ஒரு தடவைதானே என்றும் நினைத்தேன். போட்டோவை வெறுமனே மெஷின் வாயில் கொடுத்தேன். உருளை அதைக் கோணலாக இழுத்தது. காய்ந்த சருகை மிதித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் பாதி உள்ளே போயிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் மேலே நெற்றியும் முடியும் ஒரு துண்டு, கீழே மூக்கு நுனியும் மீசையும் தாடையும் ஒரு துண்டு. நடுவில் இருந்த பட்டை உருளையில் ஒட்டி, கறுப்புத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. புருவம் முதல் மூக்குத் தண்டு வரை. அந்த மனுஷனின் கண் இரண்டும் என் விரலில் மை மாதிரி ஒட்டியிருந்தது.

அன்றைக்கே அவள் வீட்டைத் தேடிப் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு துண்டையும் பக்கத்துத் தெரு டி.டி.பி. சென்டருக்குக் கொண்டுபோய், அங்கே கண்ணாடி வைத்த ஸ்கேனரில் படியெடுத்து வந்தேன். கம்ப்யூட்டரில் திறந்தேன். கண்ணில்லாத முகம் என்னைப் பார்க்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதே கம்ப்யூட்டரில் உன் கல்லூரி அப்ளிகேஷனுக்கு எடுத்த போட்டோ இருந்தது. நேராகப் பார்த்த முகம், வெளிச்சம் விழுந்த பக்கமும் ஒன்று. உன் கண்ணையும் புருவத்தையும் மூக்குத் தண்டையும் எடுத்து, நிறம் நீக்கி, கொஞ்சம் அகலப்படுத்தி, அந்த இடத்தில் வைத்தேன். ஓரத்தை மழுக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது பொருந்தியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. துண்டுகளைக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் பேச்சியம்மாள் கப்பை இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். "கொஞ்சம் வயசு கொறஞ்ச மாதிரி தெரியுதேக்கா" என்றாள். "மெஷின் அழுக்கெல்லாம் எடுத்துரும், அதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். செல்வி கப்பைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான், "பழைய படம் ரொம்ப நைந்து போயிருந்ததில்லா, சூட்டுல பொடிஞ்சு போச்சு" என்று சொன்னேன். "இது இருக்கயில இனி அது எதுக்குக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ அன்று கல்லூரி விட்டு வந்து, அடித்துப் பார்த்ததில் மேஜைமேல் கிடந்த மாதிரித் தாளை எடுத்து, "இந்த ஆளு யாரும்மா? எங்கேயோ கண்ட மாதிரி இருக்கு" என்றாய். உனக்கு நினைவிருக்க வழியில்லை. நான் தாளைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டேன். அந்த வாரமே கண்ணாடி ஸ்கேனர் வாங்கினேன். அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்: அடுத்தவர்கள் உன்னை நம்பித் தருகிற பொருளைத் தொடப்போவது அந்த ஒரு மெஷின்தான். பிரஸ் பழுதானால் உன் கப் போகும். ஸ்கேனர் பழுதானால் அவர்களுடையது போகும். அதை முதலில் வாங்கு.

எட்டு வருஷம் போயிற்று. பேச்சியம்மாளைக் கரமனைப் பாலத்துப் பக்கம், பஸ்ஸில், எப்போதாவது பார்ப்பேன். சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். பத்து நாளைக்கு முன்னால், மத்தியானம், ஒரு பெண் கடைக்குள் வந்தாள். மஞ்சள் சுடிதார், தோளில் பை. "ஆன்ட்டி, என்னைத் தெரியலையா? செல்வி. பேச்சியம்மாள் மகள்" என்றாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றாள். பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றியிருந்த கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே உன் கண் என்னைப் பார்த்தது, ராஜேஷ். பதினேழு வயதில் நீ என்னைப் பார்த்த அதே பார்வை. எனக்குக் காது அடைத்துவிட்டது. செல்வி பேசுவது ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"இதுல நாங்க யாரும் சாயா குடிச்சதில்லை ஆன்ட்டி. சாமி பக்கத்துலதான் இருக்கும். அப்பா இறந்த ஓர்ம நாளுக்கு மாலை போட்டு விளக்கு வைப்போம். இதை வலிய டைல்ஸ்ல, பெருசா அடிச்சுத் தருவீங்களா? மணவறைக்குப் பக்கத்துல நாற்காலில வைக்கணும். எங்க அப்பா நிக்க வேண்டிய இடம் அல்லே?" என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கு அப்பா கண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கண்ணுக்கு மை இடும்போது இதைப் பார்த்துத்தான் இடுவேன்" என்றாள்.

நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அளவு பார்த்துச் சொல்கிறேன் என்று எப்படியோ சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். "பறையாம விட்டா ஆருக்குத் தெரியும்? கல்யாண வீடு. கலக்காதே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எட்டு வருஷமாக அங்கே மாலை போட்டு விளக்கு வைத்தது எந்தக் கண்ணுக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்தன்று நூறு பேர் நடுவில், செத்தவர் இடத்தில், உயிரோடிருக்கிற என் பிள்ளையின் கண்ணுக்கு மாலை விழப்போகிறது. உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு முதலில் வந்தது நியாய உணர்வல்ல, பயம். நேர்மையானவள் என்று என்னை நினைத்துவிடாதே.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். நின்றபடியே சொன்னேன். உறை, உருளை, துண்டு, உன் போட்டோ, குப்பை, ஒன்றையும் விடவில்லை.

செல்விதான் முதலில் எழுந்தாள். அவளுக்குத் தமிழே வரவில்லை, 'ஏன்' என்பதுகூட மலையாளத்தில்தான் வந்தது. "எந்தினா ஆன்ட்டி? எந்தினா இது செய்தது?" என்றாள். "நான் யார்கிட்டேயாக்கும் இத்தனை வருஷம் பேசினேன்? பரீட்சைக்குப் போகும்போது யார்கிட்ட சொல்லிட்டுப் போனேன்?"

பேச்சியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கப்பை எடுத்து, கண் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மூடினாள். எடுத்தாள். மறுபடி மூடினாள். "அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மெசினுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யக்கா, இப்போ கண்ணை மூடிக்கிட்டு அவரை நெனைக்கேன். உங்க மவன் கண்ணுதான் வருது. அவரு கண்ணு எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இல்ல."

ராஜேஷ், நான் ஒரு போட்டோவைத்தான் கிழித்தேன் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். அவள் மனசுக்குள் இருந்ததையும் நான்தான் அழித்திருக்கிறேன். கழுவினாலும் போகாது என்று சொல்லித்தானே கொடுத்தேன். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை அங்கே வைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை. அவர்கள் கப்பை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் அந்தக் கப் அங்கேயே இருந்தது. எனக்கு அதைத் தொடத் தைரியமில்லை. நீ இரண்டாவது தடவை போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். அதனால்தான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் செல்வி தனியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஸ்டூலில் உட்காரவில்லை.

"துண்டு எங்கே?" என்றாள்.

"அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்மா. படியெடுத்தது மட்டும் பழைய சி.டி.யில இருக்கு."

"காட்டுங்க."

திறந்து காட்டினேன். கண் வைப்பதற்கு முந்தைய முகம். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இதுல எதெல்லாம் எங்க அப்பா? தொட்டுக் காட்டுங்க" என்றாள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டேன். முடி. நெற்றி. இடது காதின் கீழ்ப்பாதி. மூக்கு நுனி. மீசை. உதடு. தாடையில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. தழும்பில் விரல் வந்தபோது அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். "கப்புல இது இல்லையே" என்றாள். ஆமாம். அழகாக இருக்கட்டும் என்று அதையும் நான்தான் அழித்திருந்தேன்.

"இவ்வளவும் போதும். இதை மட்டும் அடிச்சுத் தாங்க" என்றாள் செல்வி.

"நடுவுல என்னம்மா செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் ஆன்ட்டி. இனிமேல் நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது."

நம் மையில் வெள்ளை கிடையாது என்று உனக்குத் தெரியும். அடிக்காமல் விட்ட இடம்தான் வெள்ளை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அப்படியே அடித்துக் கொடுத்தேன். வெள்ளை டைல்ஸில் மேலே நெற்றி, கீழே மூக்கு நுனியிலிருந்து தாடைவரை, நடுவில் வெறும் பட்டை. தழும்பு தெளிவாக விழுந்திருந்தது. பணம் வாங்கமாட்டேன் என்றதற்கு, கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

நேற்று கல்யாணம். கரமனையில் ஒரு சின்ன மண்டபம். உன் அப்பா வேண்டாம் என்றார். நான் போய்க் கடைசி வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதில் டைல்ஸை வைத்திருந்தார்கள். வள்ளியூரிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, "என்னட்டி இது, கண்ணு இல்லாம? யாரு அடிச்சா இப்படி?" என்று சத்தமாகவே கேட்டாள். செல்வி பட்டுப்புடவையோடு திரும்பி, "கிடைச்சது இவ்வளவுதான் சித்தி" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் பார்க்கவும் இல்லை.

தாலி கட்டுவதற்கு முன்னால் பேச்சியம்மாள் மாலையோடு நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள். போடவில்லை. அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தம்பி, "நேரமாவுது அக்கா" என்றார். அவள் அசையவில்லை. பிறகு திடீரென்று மாலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கிற குரல்.

"ஏட்டி செல்வி, உங்கப்பாவுக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னதுட்டி. வெயில்ல நிக்க மாதிரி சுருக்கிக்கிட்டே இருப்பாரு. சிரிச்சா அது முழுசா மூடிக்கும். எப்படிட்டி மறந்தேன்?"

செல்வி எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து மாலையைப் போட்டார்கள். மேளம் முழங்கித் தாலி ஏறியதும் சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, மகளுக்குத்தான் சொன்னாள். நான் காதில் விழும் தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

கப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செல்வி திருப்பிக் கேட்கவில்லை. உடைக்கக் கை வரவில்லை. வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அதில் பாதி அந்த மனுஷன், பாதி நீ. அன்று உன்னிடம் கேட்காமல் எடுத்தேன். இன்று கேட்கிறேன். அதை என்ன செய்யட்டும்? போனில் சொல்லாதே. வந்து, அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

அம்மா